போதகரின் உடலும் உள்ளமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதியவை. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், கேள்விகளை மட்டும் சுருக்கி வெளியிடுகிறோம்.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகச் சபைப் போதகராக இருக்கிறேன். சில மாதங்களாக இரவு முழுவதும் படுத்திருந்தாலும் களைப்போடுதான் எழுந்திருக்கிறேன். அடக்க ஆராதனையில் அழுகிற குடும்பத்தைப் பார்த்தும் மனம் அசைவதில்லை. தொலைபேசி ஒலித்தாலே எரிச்சல் வருகிறது. இத்தனை ஆண்டு ஊழியத்தில் என்னதான் நடந்தது என்ற எண்ணம் ஓயாமல் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருப்பவை விசுவாசம் போனதற்கான அடையாளங்களாக எனக்குத் தோன்றவில்லை. விசுவாசத்தை உண்மையிலேயே விட்டுவிட்டவர் அதைக் குறித்து இவ்வளவு வேதனையோடு கடிதம் எழுதமாட்டார். பல ஆண்டுகளாகப் பிறருடைய துக்கத்தைச் சுமந்தும், தம் துக்கத்தை இறக்கிவைக்க இடமில்லாமலும் இருந்த ஒருவருடைய நிலையைத்தான் உங்கள் கடிதத்தில் பார்க்கிறேன்.

1974-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர்களிடம் கண்ட பணிச்சோர்வை விவரித்து எழுதினார். வேலையில் அக்கறை இல்லாதவர்களைவிட, முழு மனதோடு தங்களைக் கொடுத்தவர்களையே அது அதிகமாகப் பாதிக்கிறது என்பது அவர் கவனித்த உண்மை. அவருக்குப்பின் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்து மூன்று கூறுகளைச் சுட்டினார்: உள்ளம் வற்றிப்போதல், மக்களிடமிருந்து மனம் விலகிப்போதல், செய்த வேலைக்குப் பயனில்லை என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பணிச்சோர்வைத் தனி நோயாகக் கருதாமல், பணியிட அழுத்தம் நீண்டகாலம் சரிவரக் கையாளப்படாததால் உண்டாகும் நிலை என்று குறிப்பிடுகிறது. ஆகவே, காரணத்தை உங்கள் ஆத்துமாவுக்குள் மட்டும் தேடாமல், உங்கள் வேலை அமைந்திருக்கும் விதத்திலும் தேட வேண்டும். காலையில் கல்லறைத் தோட்டத்தில் நின்றவர், உடை மாற்றிக்கொண்டு நண்பகலில் திருமணத்தை நடத்தி, மாலையில் நிர்வாகக் குழுவின் வாக்குவாதத்தில் அமர்கிறார்; ஒவ்வோர் இடத்திலும் அவர் வேறொரு முகத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்திற்கு உள்ளம் செலவிடும் சக்தியை எவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, போதகர் உட்பட.

ஆனாலும் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, நீரிழிவு ஆகியவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் பலமாகக் குறட்டை விடுவதாகவும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதாகவும் உங்கள் மனைவி சொன்னால், தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்போடு எழுந்திருப்பதற்கு அது மிகப் பொதுவான காரணம். ஆவிக்குரிய வறட்சி என்று எண்ணிக் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தேவைப்படுவது ஒரு மாத்திரையாக இருந்தால், அதைக் கண்டறிவதும் தேவன் தரும் பதில்தான்.

உடலில் குறையில்லை என்று தெரிந்தாலும் இந்தச் சோர்வைத் தனியாகச் சுமக்காதீர்கள். பவுல் தம் நிலையை மறைக்காமல் எழுதுகிறார்: மக்கெதோனியாவுக்கு வந்தபோது சரீரத்திற்கு இளைப்பாறுதல் இல்லை, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன." அடுத்த வசனத்தில், தேவன் தீத்து வந்ததினாலே தங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார் (2 கொரிந்தியர் 7:5, 6). தரிசனம் கண்ட அப்போஸ்தலனுக்கே ஆறுதல் ஒரு நண்பரின் வருகையில் கிடைத்தது. உங்கள் சபையோடு சம்பந்தமில்லாத, நீங்கள் போதகராக இருக்கத் தேவையில்லாத ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மூத்த போதகராகவோ பயிற்சி பெற்ற மனநல ஆலோசகராகவோ அவர் இருக்கலாம்.

உங்கள் மேலதிகாரியிடமோ சபை மன்றத்திடமோ உண்மையைச் சொல்லிச் சில வாரங்கள் விடுப்பு எடுங்கள். களைப்பின் உச்சத்தில் ஊழியத்தை விட்டுவிடும் முடிவை எடுக்காதீர்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் பார்னா ஆய்வு நிறுவனம் விசாரித்தபோது, புராட்டஸ்டண்டு போதகர்களில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட எண்ணியதாகக் கூறினார்கள். இந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. ஜெபிக்கச் சொந்தமாக வார்த்தைகள் வராத நாட்களில் சங்கீதங்களை வாய்விட்டு வாசியுங்கள்; அதுவே அந்த நாட்களுக்குப் போதுமான ஜெபம்.

கேள்வி: நான் இறையியல் கல்லூரி மாணவி. "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு" தம்மைப் பின்பற்றும்படி ஆண்டவர் அழைத்திருக்க, ஊழியர் தம் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுவது சுயநலமாகாதா?

பதில்: சிலுவை என்பது கீழ்ப்படிதலின் பாதையில் நம்மேல் வந்து சேரும் பாடு. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடுவதும் அந்தக் கணக்கில் வராது. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற ஊழியரைப் பற்றிப் பவுல் எழுதுவதை ஊன்றி வாசித்துப் பாருங்கள். அவர் கிறிஸ்துவின் ஊழியத்தில் தம் பிராணனையும் பொருட்படுத்தாமல் உழைத்து, வியாதிப்பட்டு, மரணத்திற்குச் சமீபமானார். அப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணும்படி பவுல் சபைக்குச் சொல்கிறார். அதே வேளையில், இன்னும் கொஞ்சம் உழைக்கும்படி அவரைத் தம்மோடு நிறுத்திவைக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தியாகத்திற்கு மரியாதை, வியாதிக்கு ஓய்வு. பவுலுக்கு இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

தம் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகவும் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அந்த வசனத்தில் கண்டனம் இல்லை. விசுவாசக் குறைவு என்ற முணுமுணுப்பும் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றைப் பற்றியும் அடிக்கடி வரும் பலவீனங்களைப் பற்றியும் அக்கறையோடு ஆலோசனை சொன்னவரும் அவரே. கொலோசெயருக்கு எழுதும்போது, சரீர ஒடுக்கம் ஞானமாகத் தோற்றமளித்தாலும் அது மாம்சத்தைப் பேணுவதற்கே உதவும் என்று இன்னும் கடுமையாகச் சொல்கிறார் (2:23). "நான் தூங்குவதே நான்கு மணி நேரம்தான்" என்று பெருமையோடு சொல்லும் ஊழியர்கள் இந்த வசனத்தின் முன்னால் சற்று நின்று யோசிக்க வேண்டும். வெறுக்கும்படி ஆண்டவர் சொன்ன 'தான்', நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று எண்ணும் அந்தத் 'தான்'தான் என்பது என் புரிதல். ஓய்வெடுக்கும்போதுதான் அது உண்மையில் ஒடுங்குகிறது. ஏனெனில் நாம் தூங்கும் நேரத்திலும் சபையைக் காக்கிறவர் வேறொருவர் என்பதை அப்போது ஒப்புக்கொள்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் உபவாச ஜெபத்தை நடத்துகிறவனே மாத்திரையை நம்பலாமா என்று ஒரு விசுவாசி கேட்டது மனதைத் தைத்ததால் அதை நிறுத்திவிட்டேன். விரைவில் ஏழு நாள் உபவாசம் தொடங்கவிருக்கிறது. உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: ஐயா, இந்தப் பதிலை வாசித்து முடித்தவுடன் உங்கள் மருத்துவரைத் தொடர்புகொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன். நிறுத்திய மாத்திரையை எப்படி மீண்டும் தொடங்குவது என்பதையும், உபவாசம் உங்களுக்குத் தகுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்லலாம். மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை சத்தமில்லாமல் உயர்ந்து கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும். அந்தச் சேதம் நடக்கும் காலமெல்லாம் நீங்கள் நலமாக இருப்பதாகவே உணரலாம். மறுபுறம், மாத்திரையை எடுத்துக்கொண்டு உணவை விட்டால் வேறோர் ஆபத்து உண்டு. இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. எஸ்ஜிஎல்டி-2 தடுப்பான் வகை மருந்துகளை எடுப்பவர் நீண்ட உபவாசம் இருந்தால், சர்க்கரை அதிகம் உயராமலேயே இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை சர்க்கரைத் தாழ்வின் அடையாளங்கள். இரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், 15 கிராம் அளவு குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்துக்கொண்டு, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்த வேளையில் உபவாசத்தை முடிப்பது தோல்வியாகாது. ஜெபக்கூட்டத்தின் நடுவில் போதகர் வியர்த்து, தடுமாறி, தொடர்பில்லாமல் பேசினால், அதை ஆவியின் அசைவு என்று சபையார் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே உடன் ஊழியர் ஒருவருக்காவது உங்கள் நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையை நம்புவதா என்று கேட்ட அந்த விசுவாசிக்கு எசேக்கியா ராஜாவின் வரலாற்றை வாசித்துக் காட்டுங்கள். அவர் அழுது ஜெபித்தார். தேவன் ஜெபத்தைக் கேட்டு, பதினைந்து வருஷம் கூட்டுவதாக வாக்குக் கொடுத்தார். அதற்குப் பின்னும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்ல, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள். அவர் பிழைத்தார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தம் இருக்கும்போது மருந்து எதற்கு என்று தீர்க்கதரிசி கேட்கவில்லை. தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னவன் சாத்தான் என்பதும், தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று ஆண்டவர் அவனுக்குப் பதில் சொன்னார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

உபவாசத்தை விட்டுவிட மனமில்லையென்றால் தானியேல் 10-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் அவர் மூன்று வாரம் விலக்கினார். உணவு முழுவதையும் விட்டதாக அங்கே எழுதப்படவில்லை. மருத்துவர் சம்மதிக்கும் அளவில், இத்தகைய உபவாசத்தை நீங்கள் கடைப்பிடித்து, அதை ஏன் தேர்ந்துகொண்டீர்கள் என்பதையும் சபைக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாத்திரையை மறைவாக நிறுத்திய விசுவாசிகள் உங்கள் சபையிலும் இருக்கலாம். அவர்களுக்கு உங்கள் வார்த்தை உயிர்காக்கும்.

கேள்வி: நான் ஒரு போதகரின் மனைவி. சபையில் ஏற்பட்ட பிரிவினைக்குப் பிறகு என் கணவர் யாரிடமும் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். சென்ற வாரம், "கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் உங்களுக்கெல்லாம் நல்லது" என்றார். வெளியே சொன்னால் ஊழியம் கெட்டுவிடும் என்று தடுக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, அவர் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே பொருள்கொள்ளுங்கள், அலுப்பில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே அவர் அருகில் அமர்ந்து, "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே என்று பலர் ஆறுதலடைகிறார்கள். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகளையும் ஆபத்து விளைவிக்கக்கூடிய மற்றப் பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தற்கொலைத் தடுப்பு உதவித் தொலைபேசியின் துணையையும் நாடலாம். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்திற்குள் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மனத்தாழ்வு, பசியின்மை, அதிகாலை விழிப்பு, தான் பிறருக்குப் பாரம் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அது குணமாக்கக்கூடிய நோய். மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், நலமானவுடன் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இருவரும் முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள்.

இரகசியம் காக்கும்படி அவர் கேட்பது புரிகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது கணவரின் இரகசியத்தைக் காக்கும் கடமை மனைவிக்கு இல்லை. சபை முழுவதற்கும் அறிவிக்க வேண்டியதில்லை. மேலதிகாரி, நம்பத்தக்க ஒரு குடும்ப நண்பர், மருத்துவர் என்ற வட்டத்திற்குள் சொன்னால் போதும். நீங்கள் அவருக்குத் துரோகம் செய்கிறவர் அல்ல. இதை உறுதியாக நம்புங்கள்.

"போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்ன எலியாவை அவர் பலமுறை பிரசங்கித்திருப்பார். அந்த அதிகாரத்தில் நாம் எளிதாகக் கடந்துபோகும் ஒரு விவரம் உண்டு: வனாந்தரத்திற்குள் போகுமுன் எலியா தம் வேலைக்காரனைப் பெயெர்செபாவிலே நிறுத்திவிடுகிறார் (1 இராஜாக்கள் 19:3). மரணத்தை வேண்டிக்கொள்ளும் உள்ளம் முதலில் துணையை விலக்குகிறது. உங்கள் கணவர் யாரோடும் பேசாமலிருப்பதையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். அதன்பின் தேவன் எலியாவை நடத்தின வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் கண்டிப்பு வரவில்லை, கட்டளையும் வரவில்லை. தூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி உணவு கொடுக்கிறான். உள்ளத்தில் இருப்பதைச் சொல்லும்படியான கேள்வி ஓரேப் மலையில்தான் வருகிறது. கடைசியில் துணையாக எலிசாவும் கொடுக்கப்படுகிறார். வேண்டிக்கொண்ட மரணத்தை மட்டும் தேவன் கொடுக்கவில்லை.

மனச்சோர்வு நல்ல ஊழியருக்கு வராது என்று யாராவது சொன்னால், ஆங்கிலேயப் பிரசங்கியார் சார்ல்ஸ் ஸ்பர்ஜனின் வாழ்க்கையைச் சுட்டிக்காட்டுங்கள். 1856 அக்டோபர் 19 அன்று இலண்டனில் சர்ரே தோட்ட இசையரங்கில் அவர் பிரசங்கிக்கும்போது யாரோ "தீ" என்று பொய்க்குரல் எழுப்பியதால் உண்டான நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்த நினைவும் மனச்சோர்வும், பின்னாளில் மூட்டு நோயும் அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தின. அவர் அதை மறைக்காமல், ஊழியர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றித் தம் மாணவர்களுக்கே விரிவுரை ஆற்றினார். அவருடைய ஊழியம் அதனால் கெட்டுப்போகவில்லை.

இன்னொன்று. சபைப் பிரிவினையின் காயம் உங்களுக்கும் பட்டிருக்கிறது. அவருக்குத் துணை தேடும்போதே, நீங்கள் மனம்விட்டுப் பேசவும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு கத்தோலிக்கப் பங்கில் தனியாகப் பணியாற்றும் இளம் குரு. ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்பவற்றை எவரிடமும் சொல்ல முடியாது. இரவில் பங்கு இல்லத்தின் கதவைச் சாத்தியதும் தனிமை அழுத்துகிறது. விடுமுறை கேட்கவும் குற்றவுணர்வாக இருக்கிறது.

பதில்: அருட்தந்தை அவர்களே, விடுமுறையைப் பற்றிய குற்றவுணர்வை முதலில் விட்டுவிடுங்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆண்டுதோறும் போதுமான விடுமுறைக் காலம் திருப்பணியாளரின் உரிமை என்கிறது (சட்டம் 283). பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை பங்கைவிட்டு விடுமுறையில் செல்லலாம் என்றும், ஆண்டுத் தியானத்திற்காகச் செல்லும் நாட்கள் அந்தக் கணக்கில் சேரா என்றும் 533-ஆம் சட்டம் கூறுகிறது. திருச்சபை தன் அனுபவத்தால் அறிந்து எழுதிவைத்ததை நீங்கள் சலுகையாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் குருக்களைப் பற்றிய ஏட்டில், தனிமையின் ஆபத்துகளைக் கருதி, அவர்கள் ஏதேனும் ஒரு வகையில் சேர்ந்து வாழவும், அது இயலாத இடத்தில் அடிக்கடி கூடிவரவும் ஊக்குவிக்கிறது. அருகிலுள்ள பங்குகளின் குருக்கள் இருவர் மூவரோடு வாரம் ஒரு முறை உணவும் ஜெபமும் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதை ஒரு திருப்பலியைப் போலவே தவறாமல் கடைப்பிடியுங்கள்.

ஒப்புரவின் முத்திரை மீற முடியாதது. ஆனால் அங்கே கேட்டவை உங்களுக்குள் எழுப்பிய துயரமும் கோபமும் உங்களுடையவை. எவரையும் எந்தப் பாவத்தையும் அடையாளம் காட்டாமல், உங்கள் நிலையை மட்டும் ஆன்ம வழிகாட்டியிடம் சொல்லலாம். தனிமை அழுத்தும் இரவுகளில் மதுவோ கைபேசித் திரையோ துணையாகிவருவதாக உணர்ந்தால், அது வழக்கமாகும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் சபையின் மூப்பர்களில் ஒருவன். எங்கள் போதகருக்குச் சென்ற மாதம் மாரடைப்பு வந்தது. அவருக்காக ஜெபித்தோம், மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொண்டோம். இதற்குமேல் சபையாக நாங்கள் செய்யவேண்டியது உண்டா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கும் சபைகள் அதிகம் இல்லை என்பதால், உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. போதகரின் உடல்நலம் அவருடைய சொந்த விஷயம் என்றே பல சபைகள் நினைக்கின்றன. ஆனால் அவர் எப்போது தூங்குகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சபைதான்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஐக்கிய மெதடிஸ்டு போதகர்களிடையே டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. 35 முதல் 64 வயது வரையுள்ள போதகர்களில் உடற்பருமன் உடையோர் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதே மாநிலத்தின் பிற மக்களைவிட இது சுமார் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல். நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, ஆஸ்துமா ஆகியவையும் அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன. ஒரு மாநிலத்தின் ஒரு சபைப் பிரிவைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், காரணங்கள் எங்கும் காணக்கூடியவையே: நேரம் தவறிய உணவு, செல்லும் வீடுகளில் அன்போடு கொடுப்பதை மறுக்க முடியாமை, உட்கார்ந்தே செய்யும் ஆயத்தம், நள்ளிரவு அழைப்புகள், எல்லாருடைய தேவையும் தன் தேவைக்கு முன் என்ற மனப்பான்மை.

மோசே காலைமுதல் மாலைவரை ஜனங்களை நியாயம் விசாரித்ததைப் பார்த்த அவருடைய மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று எச்சரித்தார் (யாத்திராகமம் 18). தலைவரின் களைப்பு ஜனங்களுக்கும் கேடு என்பதை மாமனாரால் பார்க்க முடிந்தது, மோசேயால் முடியவில்லை. அந்த எத்திரோவின் இடத்தில் இன்று மூப்பர்களாகிய நீங்கள் இருக்கிறீர்கள். லேவியர்களுக்கு ஐம்பது வயதானபோது பாரமான வேலையிலிருந்து நீங்கி, சகோதரருக்கு உதவியாகக் காவல் காக்கும்படி கட்டளை இருந்ததையும் (எண்ணாகமம் 8:25, 26) உங்கள் மன்றத்தில் வாசியுங்கள். வயதுக்கேற்ப வேலையின் பாரத்தை மாற்றுவது நவீன நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு அல்ல.

செய்யவேண்டியவற்றில் முதலாவது, மாரடைப்புக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும்வரை அவரை வேலைக்கு அழைக்காதிருப்பது. "ஒரே ஒரு ஜெபம் மட்டும்" என்ற அழைப்பும் இதில் அடங்கும். அவர் திரும்பும்போது முழுச் சுமையோடு திரும்பாதபடி, வியாதியஸ்தரைச் சந்திப்பதையும் நிர்வாகக் கணக்குகளையும் வாலிபர் கூடுகையையும் மூப்பர்கள் இப்போதே பிரித்து ஏற்றுக்கொள்ளுங்கள். சிலவற்றை அவருக்குத் திருப்பிக் கொடுக்காமலேயே இருப்பது நல்லது. வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பை ஆராதனை அறிவிப்பிலேயே தெரிவித்து, அன்றைய அவசர அழைப்பை ஏற்பவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு உங்களுக்கு ஓய்வுநாள். அவருக்கு அது வாரத்திலேயே மிகக் கடினமான வேலைநாள். ஆண்டுக்கொரு முறை முழு உடல் பரிசோதனை, குடும்பத்தினர் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதிய ஏற்பாடு ஆகியவற்றைச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தரத் தலைப்பாகச் சேருங்கள். நோய் வந்தபின் காணிக்கை திரட்டுவதைவிட இது செலவு குறைந்தது. அவருடைய மதிப்பையும் காப்பாற்றும். பணக்கவலையைப் பற்றிப் போதகர் தாமாகப் பேசமாட்டார். பிள்ளைகளின் படிப்புக்கும் ஓய்வுபெற்றபின் தங்கும் வீட்டிற்கும் என்ன வழி என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். இரவு நெடுநேரம் நீளும் கூட்டத்தில் ஒருவர் போதகரைக் கடுமையாகப் பேசும்போது மற்றவர்கள் மௌனமாக இருப்பது, எந்தப் பரிசோதனையும் காட்டாத ஒரு காயத்தை உண்டாக்குகிறது. கருத்து வேறுபாடு இருக்கட்டும். அவமதிப்பு எழும்போது அதே இடத்தில் எழுந்து தடுக்கும் ஒரு மூப்பராக நீங்கள் இருங்கள்.

கேள்வி: ஞாயிறு மூன்று ஆராதனைகளில் பிரசங்கித்தபின் குரல் கம்மிவிடுகிறது. இப்போது வாரம் முழுவதும் அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒலிபெருக்கி இருக்கும்போது கத்திப் பேசுவதை விட்டுவிடுங்கள், ஆராதனைகளுக்கு இடையே மக்களோடு பேசிக்கொண்டே நிற்காமல் குரலுக்கு ஓய்வு கொடுங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். தொண்டையைப் பலமாகச் செருமுவதும், கிசுகிசுத்துப் பேசுவதும் குரல்நாணுக்கு நல்லதல்ல. நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்று அமிலம் மேலேறுவதும் குரலைக் கெடுக்கும். குரல் கம்மல் மூன்று வாரங்களைக் கடந்திருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணை நேரில் பார்க்க வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும்வரை மூன்று ஆராதனைகளில் இரண்டையாவது உடன் ஊழியரிடம் ஒப்படையுங்கள்.